சின்னவனுக்கு எந்த நாய்?

உன்னிச்சை,
மாசி மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமியும் நானும் சுகம். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிஞ்சிது. பன்றி தின்டது போக மிச்சம் வீடு வந்து சேர்ந்திருக்கு. உன்ட கடிதமும் படமும் கிடைச்சிது. நீலக்கண் ஹஸ்கிக் குட்டியை உன்ட சின்னவன் கட்டிப்பிடிச்சிக்கொண்டு நிக்கிறதைப் பார்த்திட்டு மாமி, "வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க" எண்டு ஒரே வார்த்தையில தீர்ப்புச் சொல்லிப்போட்டா. நான் அவ்வளவு கெதியாச் சொல்ல மாட்டன். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரா ஊசிப்பெட்டியோட படுவான்கரை முழுக்க அலைஞ்சவன் நான். ஒரு நாயைக் கண்டால் நிறம் பார்க்கிறதுக்கு முதல், இது என்ன வேலைக்குப் பிறந்தது எண்டுதான் மனசு கேட்கும்.

ஹஸ்கி, சைபீரியாவிட வடகிழக்கு மூலையில சுக்சி எண்ட சனம் பனியில வண்டி இழுக்க வளர்த்தெடுத்த சாதி. கொஞ்சத் தீனியில கனதூரம் ஓடவேணும். அதுக்கெண்டே தலைமுறை தலைமுறையாத் தெரிஞ்செடுத்த உடம்பு அது. 1925 தை மாதம் அலாஸ்காவில நோம் எண்ட பட்டினத்தில தொண்டைக்கரப்பன் பரவினது. மருந்தை ரயில் ஒரு எல்லை வரைக்கும்தான் கொண்டு வரலாம், அந்தக் குளிருக்குள்ள விமானம் விடவும் பயம். மிச்சம் கிட்டத்தட்ட 1,085 கிலோமீற்றரையும் 20 வண்டிக்காரரும் 150 அளவு நாயும் கைமாத்திக் கைமாத்தி அஞ்சரை நாளில ஓடி முடிச்சிதுகள். கடைசித் துண்டை ஓடின பால்ட்டோவுக்கு நியூயோர்க்கில சிலை வைச்சாங்க. ஆகக் கூடின தூரத்தை, ஆகப் பொல்லாத பாதையில இழுத்தது டோகோ எண்ட நாய். அதுட பேர் வெளியில வரக் கனகாலம் பிடிச்சிது. முடிவில வந்து நிக்கிறவருக்கு மாலை விழுறது நாய்களுக்குள்ளயும் இருக்குப் போல.

அப்படிப்பட்ட ஒன்டை மாடி வீட்டுக்குள்ள பூட்டிப்போட்டு நீங்க ரெண்டு பேரும் காலையில வேலைக்குப் போனால் என்ன நடக்கும்? சோபாவைக் கிழிக்கும், கதவைச் சுரண்டும், ஊளையிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைப் படி ஏறி வரப்பண்ணும். அதை நீ குழப்படி எண்டு சொல்லுவாய். ஓடப் பிறந்த நாய் ஓட இடமில்லாமல் வேற என்ன செய்யும்?

உன்ட சிநேகிதி சொன்ன போர்டர் கொலியும் உனக்குச் சரிவராது. மூளை கூடின நாய்தான். அதுதான் கரைச்சலும். ஓநாய் இரை பிடிக்கிறதை யோசி. கண்ணால குறிவைக்கும், பதுங்கும், துரத்தும், பிடிக்கும், கடிச்சுக் கொல்லும். இங்கிலாந்து ஸ்கொட்லாந்து எல்லையில இருந்த இடையர் அதில முதல் மூன்டையும் கூர்மையாக்கி, கடைசி ரெண்டையும் மழுக்கி எடுத்தாங்க. அதாலதான் அந்த நாய் வெறும் பார்வையால ஆட்டை நிப்பாட்டுது. ஆடு இல்லாத வீட்டில அது ஆரைப் பார்க்கும்? சின்னவனையும் அவன்ட சைக்கிளையும் சாய்க்கும்.

மந்தைக்குக் காவல் இருக்கிற நாய் இதுக்கு நேர்மாறு. துருக்கியில கங்கல், இத்தாலியில மரெம்மா. இதுகளுக்கு ஆட்டைத் துரத்துற எண்ணமே வரக்கூடாது. அதால கண் திறந்து கொஞ்ச நாளில குட்டியை ஆட்டுக்குள்ள விட்டிருவாங்க. ஆடுதான் தன்ட இனம் எண்டு நினைச்சு வளரும். ஆபிரிக்காவில நமீபியாவில சிவிங்கிப்புலியால ஆடு போகுது எண்டு கமக்காரர் புலியைச் சுட்டுத் தள்ளின நேரம், 1994ஆம் ஆண்டிலிருந்து துருக்கி வழி வந்த காவல் நாய்களைக் குடுத்தாங்க. ஆடும் தப்பிச்சிது, புலியும் தப்பிச்சிது.

எங்கட பட்டிக்காரர் ஒருத்தரும் இதைப் புத்தகத்தில படிக்கல்ல. ஆனால் செய்யிறது இதேதான். எங்கட கறுப்பி போட்ட குட்டியில ஒன்டைக் கன்டுகள் கட்டுற இடத்திலதான் விட்டிருக்கம். விடியப்புறம் பால் கறக்கேக்க வாளியால வழியிற நுரை நிலத்தில விழ முதல் அதுட நாக்கு அங்க நிக்கும். பால் குடிச்சிட்டு வாற கன்டிட வாயை நக்கும். கன்டு தலையால ஒரு முட்டு முட்டும், குட்டி சாணத்துக்குள்ள உருண்டுபோய் எழும்பித் திரும்பவும் அதே கன்டுக்கிட்ட வரும். தாய்ப்பசு முதல் நாள் மூசினது, இப்ப கணக்கெடுக்கிறதில்லை. மறுகா அடுத்த வெள்ளாமைக்கு வயல் விதைச்சு மாடுகளை மேய்ச்சல் தரைக்குச் சாய்ச்சுக்கொண்டு போகேக்க இதுவும் போகும். நரி எந்தப் பக்கத்தால வருமோ அந்தப் பக்கம் போய்ப் படுக்கும். ஆரும் பழக்கிறதில்லை, கறுப்பி படுக்கிற இடத்தைப் பார்த்துப் பழகினது.

யானைக்கு நாய் காவல் எண்டு ஆரும் சொன்னால் நம்பாத. போன கிழமை வாடியில படுத்திருந்தம். சாமத்தில எங்கட மற்ற நாய் சிவலையன் குரைச்சுக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் பாய்ஞ்சான். கொஞ்ச நேரத்தில குரல் மாறினது, வாலைக் காலுக்குள்ள வைச்சுக்கொண்டு நேரா என்ட காலடிக்கே ஓடி வந்தான். பின்னால கிளை முறியிற சத்தம். யானை வெடி ஒன்டைக் கொளுத்திப் போட்டபிறகுதான் அது திரும்பினது. எங்களை எழுப்பிவிடுறதுதான் நாயிட வேலை. அதுக்கு மேல அதிட்டக் கேட்டால் ஆபத்தை வாசலுக்கே கூட்டிக்கொண்டு வரும்.

காட்டோட வாழ்ந்த வேடருக்கு நாய் இல்லாமல் வேட்டை இல்லை. உடும்பு எந்தப் பொந்துக்குள்ள பூந்தது எண்டு நாய்தான் காட்டவேணும். வெள்ளைக்காரர் வேற மாதிரி. நுவரெலியாவில சாமுவேல் பேக்கர் எண்ட துரை இங்கிலாந்திலிருந்து நாய்க் கூட்டத்தைக் கப்பலில இறக்கி மலை முழுக்க மரை துரத்தினார், அதைப் புத்தகமாயும் எழுதினார். 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு வேட்டை ஒடுங்கிப்போனது. வேட்டை நாயிட மூக்கு மட்டும் சட்டத்துக்கு அடங்காமல் இன்னும் உடும்புப் பொந்துக்கிட்ட போய் நிக்கும்.

தொண்ணூறில கடல் கடந்து விருதுநகர்ப் பக்கம் அகதி முகாமில இருந்த காலத்தில சிப்பிப்பாறை நாயைக் கண்டன். ஒட்டின வயிறு, நீட்டு முகம், விலா எலும்பை எண்ணலாம். கரிசல் காட்டில முயல் கிளம்பினால் மண்ணில கால் படுகிறதே தெரியாது. அதே நாய் கறுப்பு நிறத்தில, கண்களுக்கு மேல பொட்டு வைச்சமாதிரி இருந்தால் கன்னி. ராஜபாளையம் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும், அது பன்றி வேட்டைக்கும் காவலுக்கும். கோம்பை தேனிப் பக்கத்துச் செம்பட்டை நாய், வாய் மட்டும் கறுப்பு. இந்தியாவில 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோட வேட்டை போனது. வேலை போன பிறகு ஆக்கள் நிறத்தைத் தேடத் தொடங்கினாங்க. சுத்த வெள்ளைதான் வேணும் எண்டு திரும்பத் திரும்பச் சேர்த்ததில ராஜபாளையத்தில பிறவிச் செவிடு கூட. காவல் நாய்க்குக் காது கேளாது எண்டால் என்ன சொல்லுறது!

புல்டோக்கிட கதை இன்னும் மோசம். காளையோட மோத வளர்த்த நாய் அது. 1835ஆம் ஆண்டு இங்கிலாந்தில அந்த விளையாட்டைத் தடைசெய்தாங்க. தடை நல்லதுதான். ஆனால் மறுகா அழகுப் போட்டிக்கெண்டு மூக்கை உள்ளுக்குத் தள்ளித் தள்ளி, இப்ப அது மூச்சு விடவே பாடுபடுது. எங்கட வெயிலில வைச்சிருக்கிற ஆக்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

புது வேலை கிடைச்ச நாய்களும் இருக்கு. ஆடு மேய்ச்ச ஜேர்மன் ஷெப்பேர்டும் பெல்ஜிய மாலினுவாவும் வடக்கு கிழக்கில கண்ணிவெடி தேடினதுகள். கருவி எண்டால் துருப்பிடிச்ச தகரத்துக்கும் கத்தும். நாய் வெடிமருந்திட மணத்தை மட்டும் பிடிச்சுச் சத்தமில்லாமல் குந்திக் காட்டும். 2017இல மட்டக்களப்பைக் கண்ணிவெடி இல்லாத மாவட்டம் எண்டு அறிவிச்சாங்க. முந்திப் போக ஏலாத எத்தனையோ இடத்தில இண்டைக்கு மாடு மேயுது.

இப்ப உன்ட விஷயம். குட்டி வேண்டாம். காப்பகத்தில வளர்ந்த லாப்ரடோர் ஒன்டைப் பார். உங்கட கனடாவில, நியூபவுண்ட்லாந்துக் கரையில மீனவரோட தண்ணிக்குள்ள இறங்கி வலையும் மீனும் இழுத்த நாய்களிட வழி அது. பிறகு இங்கிலாந்தில சுட்ட தாராவை நசியாமல் கவ்விக்கொண்டு வரப் பழக்கினாங்க. பல் படாமல் தூக்கிற அந்த வாய் சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நல்லது. நாலஞ்சு வயது கடந்ததாப் பார்த்தால் துள்ளல் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆனால் காலையும் பின்னேரமும் நடத்தவேணும், நீந்த விடவேணும், தீனியைக் கண்டபடி வைக்கக்கூடாது, அது போதும் எண்டு சொல்லாது. மழையிலயும் பனியிலயும் நடக்க மருமகன் ஓம் எண்டால் மட்டும் எடு. சின்னவன் ஓம் எண்டது கணக்கில்லை.

தம்பி எனக்கு அங்கயிருந்து ஷெப்பேர்ட் குட்டி அனுப்பப் போறானாம். வேண்டாம் எண்டு சொல்லு. இந்தச் சூட்டுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் அது தாங்காது, பட்டியில கிடக்கச் சம்மதிக்கவும் மாட்டாது. கறுப்பியிட குட்டி எனக்குக் காணும். நீ ஆவணியில வரேக்க உண்ணிக்குப் போடுற கழுத்துப்பட்டி நாலு கொண்டு வா. பெரிய நாய்க்கானது எண்டு பார்த்து வாங்கு, போனமுறை நீ கொண்டு வந்தது பூனைக்குத்தான் அளவு.

அன்புடன்,
மாமா