இடமின்றி வெட்டிய பந்தி

1998 மார்ச் 27 ஆம் திகதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வயாகராவுக்கு அனுமதி வழங்கியது. அச்செய்தி எங்கள் ஆசிரியபீடத்துக்கு வந்து சேர்ந்த இரவு, கடமையில் இருந்தவன் நான். கேலியும் சிரிப்புமாக அதனைத் தமிழாக்கினோம். பக்கத்தில் இடம் போதவில்லை. கடைசிப் பந்தியை வெட்டினேன். நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மருந்து எடுப்போர் இதனைப் பாவிக்கவே கூடாது என்பதுதான் அந்தப் பந்தி.

அன்றிரவு ஒப்புநோக்கியவர் என்னிலும் மூத்தவர். நான் அண்ணை என்று அழைப்பவர். ஓய்வுபெற்ற பின்னர் அவருக்கு இதய நோய் வந்தது. நெஞ்சு இறுகினால் நாக்கின் கீழ் வைக்கும் குளிசை எப்போதும் அவரது சட்டைப்பையில் இருக்கும். ஒருநாள் எவரோ கொடுத்த நீலக் குளிசையை, வைத்தியரிடம் கேளாமலே விழுங்கினார். சில மணிநேரத்தில் நெஞ்சு வலித்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தியர், "வேறு மருந்து ஏதும் எடுத்தீர்களா?" என்று கேட்டார். அருகில் மனைவி. "இல்லை" என்றார் அண்ணை.

அந்த வைத்தியர் அனுபவசாலி. மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அதே கேள்வியை மீண்டும் கேட்டார். இம்முறை உண்மை வந்தது. கொடுக்கவிருந்த நைத்திரேற்றை நிறுத்தி, வேறு வழியில் சிகிச்சை அளித்தார்கள்.

விந்தை என்னவெனில், வயாகராவின் மூலப்பொருளான சில்டெனாபில் முதலில் நெஞ்சுவலிக்காகவே இங்கிலாந்தில் ஆராயப்பட்டது. நைத்திரேற்று உடலில் நைத்திரிக் ஒட்சைட்டைத் தருகிறது. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஓர் இரசாயனத்தைப் பெருக்குகிறது. சில்டெனாபில் அந்த இரசாயனம் அழியாமல் தடுக்கிறது. ஒன்று நீர்க்குழாயைத் திறக்க, மற்றது மூடவிடாமல் பிடித்துக்கொள்வது போன்றது இது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சடுதியாக விழும், உயிரும் போகலாம். நைத்திரிக் ஒட்சைட்டின் இப்பணியைக் கண்டறிந்த மூவருக்கு அதே 1998 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நைத்திரோகிளிசரினைக் கொண்டு டைனமைற் செய்த நோபலுக்கே, இதய நோய்க்கு அது மருந்தாக எழுதிக் கொடுக்கப்பட்டது என்பது வரலாறு.

சில்டெனாபில் எடுத்து 24 மணிநேரத்துக்குள்ளும், தடாலாபில் எடுத்து 48 மணிநேரத்துக்குள்ளும் நைத்திரேற்று கொடுப்பதில்லை. புரஸ்தசுரப்பி வீக்கத்துக்கு எடுக்கும் டாம்சுலோசின் போன்றவையும் அழுத்தத்தை மேலும் குறைக்கலாம். எரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் சில்டெனாபிலின் அளவை இரத்தத்தில் உயர்த்துகின்றன. "முற்றிலும் மூலிகை" என்று விற்கப்படும் ஆண்மை மருந்துகள் சிலவற்றில் இதே சில்டெனாபில் மறைவாகக் கலந்திருந்தமை ஆய்வுகூடங்களில் பலமுறை அகப்பட்டிருக்கிறது. லேகியந்தானே என்று வைத்தியரிடம் சொல்லாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு.

வெட்டிய பந்தியைப் பற்றி அண்மையில்தான் அண்ணையிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நீ விட்டிருந்தாலும் நான் மறந்திருப்பன், தம்பி. வெட்கம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது."

அவர் மறந்திருக்கலாம். வாசகர் ஒருவராவது மறவாமல் இருந்திருப்பார் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அந்தப் பந்தியை இன்று இங்கே எழுதிவிட்டேன். வைத்தியர் கேட்டால் மறைக்காதீர்கள், கேளாவிட்டாலும் சொல்லுங்கள்.