உப்புக்காற்றும் ஒரு சின்னக் கணக்கும்

மின்சாரக் கணக்கு என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான் விஷயம். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது தான்சியோன், அன்தான்சித்தே, ரெசிஸ்தான்ஸ், புய்சான்ஸ். தமிழ்ப் பாடநூலில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன்.

மின்னோட்டத்துக்கு ஏன் 'ஐ' என்ற எழுத்து, கரண்ட் என்ற சொல்லில் அந்த எழுத்தே இல்லையே என்று என் பேத்தி ஒருமுறை கேட்டாள். அன்தான்சித்தே என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து அது. 1775இல் லியோன் நகரில் பிறந்த ஆம்பேர் வழியாக வந்து, உலகம் முழுவதும் தங்கிவிட்டது. அளவுகளின் பெயர்களைப் பாருங்கள்: வோல்ட் இத்தாலிக்காரர் வோல்டாவால், ஆம்பியர் பிரெஞ்சுக்காரரால், ஓம் ஜெர்மானியரால், வாட் ஸ்காட்லாந்துக்காரரால். நம் வீட்டுச் சுவரில் ஐரோப்பாவே குடியிருக்கிறது.

கணக்கு இதுதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வரலாம்.

வாளியில் போட்டுத் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்வோம். மேலே 1500 வாட், 230 வோல்ட் என்று எழுதியிருக்கும். 1500ஐ 230ஆல் வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர். 230ஐ 6.5ஆல் வகுத்தால் சுமார் 35 ஓம். இந்த 35 ஓம் ராடின் உடம்போடு பிறந்தது, ஏறக்குறைய மாறாது. ஆனால் 1500 வாட் என்பது 230 வோல்ட் வந்தால்தான். கோடைக்காலத்தில் லோ வோல்டேஜ் வந்து 200தான் கிடைக்கிறது என்றால், ஆம்பியரும் 5.7 ஆகக் குறையும். 200ஐ 5.7ஆல் பெருக்குங்கள்: 1140 வாட். வோல்ட் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடு கால் பங்கு குறைந்துவிட்டது. தண்ணீர் காய நேரமாவது அதனால்தான்.

இது சீட்டில் எழுதியிருப்பதை வைத்துப் போடும் கணக்கு. எந்தச் சீட்டிலும் எழுதாத ஒரு தடையும் உண்டு. எங்கள் குருசுக்குப்பம் போன்ற கடலோரத்தில் இருப்பவர்கள் அதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில மாதங்களுக்கு முன், பக்கத்துத் தெருத் தங்கச்சி ஒருவர் வந்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கைக்குழந்தைக்குத் தினமும் வெந்நீர் வேண்டும்.

"அண்ணே, ராடு போட்டா பிளக்கைத் தொட முடியல, அப்படிச் சுடுது. கடையில கேட்டா ராடு போயிடுச்சு, புதுசு வாங்குங்கன்றாங்க."

"தண்ணி காயுதா?"

"அது எப்பவும் போலத்தான் காயுது."

எப்போதும் போலக் காய்கிறது என்றால் ராடின் 35 ஓம் அப்படியே இருக்கிறது. சூடு வேறெங்கோ பிறக்கிறது. போய்ப் பார்த்தேன். பெரிய பிளக்கைக் கன்வர்ஷன் பிளக்கில் செருகி, அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டிருந்தார்கள். பாக்ஸ் ஜன்னலோரம் தரையில், பக்கத்திலேயே குழந்தையின் தூளி. ராடு இழுப்பதோ 6.5 ஆம்பியர். போதாததற்கு, உப்புக்காற்றில் பித்தளை முழுக்கக் களிம்பு.

களிம்பு ஏறிய இடத்தில், தொளதொளத்த பிடியில், ஒரு சின்னத் தடை உண்டாகிறது. அரை ஓம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குள்ளும் அதே 6.5 ஆம்பியர்தான் ஓட வேண்டும், வேறு வழியில்லை. ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் பிறக்கும் சூடு. 1840களில் ஜூல் கண்டு சொன்ன கணக்கு. 6.5 பெருக்கல் 6.5 ஏறக்குறைய 42. அதில் பாதி 21 வாட். ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஈயம் உருக்க வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஏறக்குறைய அதை பிளக்குக்குள் செருகி வைத்த மாதிரி.

எம்.சி.பி. இருக்கிறதே, விழாதா என்று கேட்பீர்கள். விழாது. எம்.சி.பி.க்கும் பியூஸுக்கும் தெரிந்ததெல்லாம் ஆம்பியர் கூடினால் வெட்டுவது. இங்கே ஆம்பியர் கூடவில்லை. தடை கூடியதால் ஒரு பிடி குறைந்தே இருக்கும். ஆகவே பிளாஸ்டிக் உருகிக் கருகி வாடை வரும்வரை அது சும்மா இருக்கும். பல வீடுகளில் தீ பிடிப்பது இப்படித்தான்.

இதையெல்லாம் தங்கச்சிக்கு ஒரு பழைய காலண்டர் தாளில் போட்டுக் காட்டினேன். அன்றே எலக்ட்ரீஷியன் வந்தார். போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுத்து, 16 ஆம்பியர் பவர் பிளக் பாயிண்ட் வைத்து, எர்த் சரிபார்த்துக் கொடுத்தார். ராடின் பிளக் முனைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ராடு பழைய ராடுதான். இன்றும் குழந்தை அதில் காய்ந்த வெந்நீரில்தான் குளிக்கிறது. தூளியையும் உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள்.

கடலோரத்தில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு யோசனை. ராடோ அயர்ன் பாக்ஸோ பத்து நிமிடம் ஓடிய பிறகு, ஈரமில்லாத கையால் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றாமல் அதன் பிளாஸ்டிக்கை மட்டும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் கவலை இல்லை. கை வைக்க முடியாத சூடு என்றால், அந்த பிளக் பாயிண்டில் எதையும் போடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.