பேரன் பிள்ளையாரின் பூர்வீகம்

தார் எஸ் சலாமில் முவெங்கே என்றொரு சந்தை உண்டு. தான்சானியாவுக்குப் போகிறவர்கள் ஊருக்கு வாங்கிவரும் மரச்சிற்பங்களுக்குப் பேர்போன இடம். முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. தங்கை மகன் அந்த ஊரில் வேலை பார்ப்பதால் எனக்கும் ஆப்பிரிக்கா பார்க்கும் யோகம் வாய்த்தது. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தில் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு, ஒரு கை கருவியைப் பிடித்து வேலை செய்வதைப் பார்த்துவிட்டால் கால் நகராது. மருமகன் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் பட்டறையிலேயே குந்திவிட்டேன்.

அங்கே செதுக்குகிறவர்களில் பலர் மக்கோண்டே இனத்தவர். மொசாம்பிக்கின் வடபகுதியில் உள்ள மேட்டுநிலம் அவர்களுக்குப் பூர்வீகம். ருவுமா ஆற்றைத் தாண்டி, கற்றாழைநார்த் தோட்டங்களில் கூலி வேலைக்கு வந்து, அப்படியே தான்சானியாவில் தங்கிவிட்டவர்கள். செதுக்கும் மரத்துக்கு எம்பிங்கோ என்று பெயர். நம் ஈட்டி மரத்துக்கு நெருங்கிய உறவு. வெளிநாட்டில் கிளாரினெட் செய்ய இந்த மரத்தைத்தான் தேடுகிறார்கள், நாகஸ்வரத்துக்கு நாம் ஆச்சா மரத்தைத் தேடுவதுபோல. வெளிச்சுற்று வெளுத்திருக்கும், நடுவயிரம் கரிக்கட்டை நிறம். தண்ணீரில் போட்டால் மூழ்கும். நான் பார்த்த பெரியவர் தரையில் உட்கார்ந்து, கட்டையை இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வாச்சியால் கொத்திக்கொண்டிருந்தார். அளவுகோல் இல்லை, பென்சில் கோடு இல்லை. கால் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி வாச்சி விழுகிறது. அவரோ பக்கத்து ஆளிடம் ஏதோ வம்பு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் மெயின்டனன்ஸ் ஷாப்பில் இப்படி வேலை செய்திருந்தால் பாதுகாப்பு அதிகாரி மெமோ கொடுத்திருப்பார்.

அவர் முடித்த உருவத்தை ஒரு பையன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், இன்னொருவன் மெருகேற்றினான். கடைக்கு வந்தபோது அது ‘மக்கோண்டே சிற்பம்’ ஆகிவிட்டது. ஒருவர் மேல் ஒருவராக ஆட்கள் தொற்றி ஏறும் தூண் அது. ‘உஜாமா’ என்கிறார்கள், குடும்பம், கூட்டு வாழ்வு என்று பொருள் சொல்கிறார்கள். வாங்குவதென்று முடிவானதும், செய்தவர் பெயரைக் கேட்கச் சொல்லி மருமகனைக் காரிலிருந்து இறக்கினேன். கடைக்காரர் முகம் சற்றே மாறியது. “மக்கோண்டே” என்றார். அது இனம், ஆள் யார் என்று மறுபடி கேட்கச் சொன்னேன். “எல்லாரும்தான்” என்றார்.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. செய்தவரின் பெயரும் இருப்பிடமும் வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த தடவை அவன் நேரே அங்கே போய்விடுவான். ஊர்ப்பெயரைச் சொன்னால் சரக்கு விற்கும். ஆள் பெயரைச் சொன்னால் கடை போகும். உலகம் முழுக்க நினைவுப்பொருள் வியாபாரம் நடப்பது இந்தக் கணக்கில்தான்.

வியாபாரியாலேயே பெயர் நிலைத்ததும் உண்டு. 1950களில் தார் எஸ் சலாமில் கடை நடத்திய முகமது பீரா என்ற இந்திய வம்சாவளிக்காரர், மக்கோண்டே சிற்பிகளை ஊக்குவித்து வெளிநாட்டாரிடம் அவர்கள் வேலையைக் கொண்டுபோனவர். அவரிடம் சரக்குக் கொண்டுவந்த சமாக்கி லிகன்கோவா செய்த, கையும் காலும் முறுகிய பேய் உருவங்களிலிருந்துதான் ‘ஷெத்தானி’ என்ற பாணியே கிளைத்தது. சமாக்கியின் பெயர் இன்று கலைப் புத்தகங்களில் இருக்கிறது. அவரைப் பார்த்துச் செய்த நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் இல்லை.

பெயரே ஆட்களை மறைத்துவிடுவதும் உண்டு. அந்தச் சந்தையில் மூலைக்கு மூலை தொங்கும் பளீர் நிற மிருக ஓவியங்களுக்கு ‘டிங்காடிங்கா’ என்று பெயர். அது எட்வர்ட் சைதி டிங்காடிங்கா என்ற ஒரு மனிதரின் பெயர். 1968 வாக்கில், மலிவாகக் கிடைத்த கூரைப்பலகைத் துண்டுகளில் சைக்கிளுக்கு அடிக்கும் எனாமல் பெயின்டால் வரைய ஆரம்பித்தவர். 1972இல் போலீஸ் ஆள் மாறிச் சுட்டதில் செத்துப்போனார். அவர் வரைந்தது நாலைந்து வருஷம்தான். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டாக யார் யாரோ வரைகிறார்கள். வாங்குகிறவர்கள் எல்லாரும் ‘டிங்காடிங்கா வாங்கினேன்’ என்றே சொல்கிறார்கள்.

பக்கத்து நாடான கென்யாவில் அக்காம்பா இனத்தவர் செதுக்கும் மிருகங்களுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. முதல் உலகப் போர்ச் சமயத்தில் தான்சானியாப் பக்கம் போன முட்டிஸ்யா முங்கே என்பவர் அங்கே பார்த்துக் கற்று, வமுன்யு என்ற தன் ஊருக்குக் கொண்டுபோன தொழில் அது. ஒரு எச்சரிக்கை: சாதாரண மரத்தில் செதுக்கிக் கறுப்பு ஷூ பாலிஷ் போட்டு விற்பதும் அந்த வட்டாரத்தில் சகஜம். கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடும்.

நெய்வேலி டவுன்ஷிப் வீடுகளில் ஷோகேஸ் என்பது குடும்பத்தின் பயணப் பதிவேடு. விடுமுறைப் பயணச் சலுகையில் (எல்டிசி) போய்வந்த ஊரெல்லாம் அதில் இருக்கும். ஆக்ரா தாஜ்மகால், சென்னபட்டணம் மரப்பொம்மை, காஷ்மீர் வால்நட் பெட்டி, ராமேஸ்வரம் சங்கு. உஜாமாத் தூணை அதில் வைத்துவிட்டு வருகிறவர்களிடமெல்லாம் முவெங்கே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த பிளாக்கிலிருந்து வரும் உறவுக்காரப் பெண் ஒருத்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி மாமா, பக்கத்துல உக்காந்திருக்காரே பிள்ளையாரு, இவர யாரு செஞ்சது?” என்றாள். மெயின் பஜாரில் நவராத்திரி சமயத்தில் வாங்கிய பீங்கான் பிள்ளையார், ஒரு சாண் உயரம். “விருத்தாசலம்” என்றேன். “அது ஊரு” என்றாள்.

பிள்ளையாரை வேட்டியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ் ஏறினேன்.

மந்தாரக்குப்பம் தாண்டியதும் பக்கவாட்டில் மண்மேடுகள் எழும்பும். சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மேல்மண், இப்போது மரம் முளைத்துக் குன்றுபோல் நிற்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து நெய்வேலியின் கதை தொடங்கும். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்; 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. எல்லாருக்கும் தெரிந்தது கறுப்புதான். அதற்கு மேலே உள்ள அடுக்குகளில் வெள்ளைக் களிமண் இருப்பதை ஊருக்குள்ளேயே பலர் கவனித்ததில்லை. அதைக் கழுவிச் சுத்தம் செய்து பீங்கான் தொழிலுக்குக் கொடுக்கவே சுரங்க நிறுவனம் தனி ஆலை வைத்திருந்தது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையும் செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பாலிடெக்னிக்கும் அமைந்ததற்கு நெய்வேலி மண் பக்கத்தில் இருந்தது முக்கியக் காரணம். ஆக, என் பிள்ளையார் நான் வேலை பார்த்த பள்ளத்திலிருந்தே கிளம்பி, விருத்தாசலம் போய், வெந்து, திரும்பி வந்திருக்கிறார்.

தொழிற்பேட்டைக்குள் போனால் எல்லாச் சுவரும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கார்த்திகைக்கு அகல்விளக்கு, கொலுவுக்குப் பொம்மை, மின்சாரத்துக்கு ஃபியூஸ் கேரியர் என்று பட்டறைக்குப் பட்டறை சரக்கு மாறும். நான் நுழைந்த பட்டறையில் ஓர் அக்கா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளை ரப்பர் வார் போட்டுக் கட்டி வரிசையாக நிறுத்தி, ஒரு குவளையால் மண்கரைசலை ஊற்றிக்கொண்டே போனார். ஸ்லிப் என்கிறார்கள். சீனக்களிமண், பந்துக்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாம் அரைத்துக் கலக்கிய கரைசல், கெட்டியான பால் போல இருக்கிறது. அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் மண் தோலாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மீதியைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். அவர் கடிகாரம் பார்க்கவில்லை. அச்சின் வாயில் விரல்நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார், அவ்வளவுதான்.

“மழைக்காலத்துல அச்சு ஈரம் குடிக்காது சார். அப்ப நேரம் ஆவும். கோடையில தட்டுறதுக்குள்ள கனம் ஏறிடும்.”

அச்சைப் பிரித்தால் பொம்மையின் இரண்டு பக்கமும் பொருந்திய இடத்தில் கோடாகப் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, தும்பிக்கைக்கு அடியிலும் காதுமடலிலும் கரைந்துபோன கோடுகளைத் திரும்பக் கீறுவது இன்னொருவர் வேலை. காயவைத்து ஒரு சூடு, அதற்கு பிஸ்கட் என்று பெயர். பிறகு கிளேஸ் முக்கி இன்னொரு சூடு. கண் எழுதுவது மூன்றாமவர்.

பட்டறை முதலாளியிடம் என் பிள்ளையாரைக் கொடுத்தேன். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கவிழ்த்து, அடியில் இருந்த துளையையும் கிளேஸ் படாத வளையத்தையும் பார்த்தார். விரலால் சாண் போட்டார். காதுமடலைத் தடவினார்.

“இது நம்ம சரக்கு இல்ல சார். ஆனா நம்ம அச்சுக்குப் பேரன்.”

உள்ளே போய் ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே உட்காரல், அதே மோதகம், அதே சாய்ந்த கிரீடம். என்னுடையதைவிடக் கொஞ்சம் உயரம். அதன் மோதகத்தில் மடிப்பு மடிப்பாகக் கோடு இருந்தது; என்னுடையதில் வழவழவென்று உருண்டை.

விஷயம் இதுதான். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும், கலவையைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கு வரைகூட. அச்சிலிருந்து வெளிவந்த பொம்மை, வெந்து முடித்தபின் அச்சைவிடச் சிறியதாகிவிடும். அதை ஒருவர் கடையில் வாங்கிப்போய், அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றிப் புது அச்சு எடுத்தால், அதில் பிறக்கும் பொம்மை இன்னும் சிறுக்கும். அதிலிருந்து மறுபடி எடுத்தால் இன்னும். ஒவ்வொரு தடவையும் கோடுகள் மழுங்கும். சுரங்கத்தில் அடுக்கு வைத்து மண்ணின் வயதைச் சொல்வார்கள். இங்கே உயரத்தையும் மழுங்கலையும் வைத்து ஒரு பொம்மை எத்தனையாவது தலைமுறை என்று சொல்லிவிடுகிறார்கள். கைவினைப் பொருளின் மூலத்தைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான சான்று கிடைக்காது. ரசீது பொய் சொல்லும். சுருக்கம் பொய் சொல்லாது.

“நாங்க புது மாடல் விட்டா அடுத்த சீசனுக்குள்ள அச்சு எடுத்துடுவாங்க. கேஸா போட முடியும்? நாங்களும் எடுத்திருப்போம்” என்று சிரித்தார். எனக்கு அவருடைய நேர்மை பிடித்திருந்தது.

அப்படியானால் முதல் பிள்ளையாரைச் செய்தது யார்? களிமண்ணில் கையால் மூலஉருவைப் பிடித்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். பட்டறைக்காரர்கள் அவரை ‘மாஸ்டர்’ என்றார்கள். பாலிடெக்னிக்கில் படித்தவரல்ல, சுதைச் சிற்ப வேலையிலிருந்து வந்தவராம். ஒரு மாடலுக்கு ஒரு தடவை கூலி வாங்கியதோடு சரி. அதிலிருந்து எத்தனை ஆயிரம் பொம்மை பிறந்தாலும் அவருக்கு அடுத்த காசு கிடையாது. இப்போது உயிரோடு இல்லை. பெயரைச் சொன்னார்கள். வீட்டாரைக் கேட்காமல் அச்சில் போடுவது முறையல்ல என்பதால் இங்கே எழுதவில்லை. பிள்ளையாரின் அடியில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஆனால் அவர் ஒருவரையே ‘செய்தவர்’ என்று சொல்லிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. மாஸ்டரின் மோதக மடிப்பு, பிசிறு சீவுகிற பெண் திரும்பக் கீறாவிட்டால் முதல் நாளே காணாமல் போயிருக்கும். ஊற்றுகிறவர் நகத்தால் கனம் பார்க்காவிட்டால் சூளையிலேயே வெடித்திருக்கும். முவெங்கேயில் “எல்லாரும்தான்” என்று கடைக்காரர் மழுப்பினார். அந்த வார்த்தையை நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் எல்லாருடைய பெயரையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் பெயர் தெரிந்த கைகள் குறைவு. வில்லியனூரில் சுடுமண் வேலை செய்யும் முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ வாங்கினார் என்பது நல்ல விதிவிலக்கு. பண்ருட்டிப் பலாமரம் மிருதங்கக் கட்டையாகவும் தஞ்சாவூர் வீணையாகவும் போகிறது. வாசிக்கிறவர்கள் பெயர் நமக்கு மனப்பாடம், செய்கிறவர்கள் பெயரைக் கேட்டால் விழிப்போம். டி.எம். கிருஷ்ணா 2020இல் மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. புவிசார் குறியீடு வாங்குவது இப்போது பெரிய செய்தியாகிறது. நல்லதுதான், போலியைத் தடுக்கும். ஆனால் அதுவும் ஊரின் பெயரைத்தான் காப்பாற்றும், ஆளின் பெயரை அல்ல.

முடியாத காரியமல்ல இது. கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டையை வைத்துக் காட்டியிருக்கிறது. பூம்புகார் விற்பனை நிலையங்களும் பொம்மைப் பட்டறைகளும் அதையே செய்யலாம். மாடல் பிடித்தவர், ஊற்றியவர், சீவியவர், கண் எழுதியவர் என்று நாலு பெயர் போட நாலு வரிச் சீட்டு போதும். ஒரு பொம்மைக்குச் சில காசுகள் செலவாகும்.

அதுவரை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். கொலு பொம்மை வாங்க நவராத்திரிக்கு முந்தின வாரம் பஜாருக்கு ஓடாமல், ஆனி ஆடியிலேயே விருத்தாசலத்துக்கோ பண்ருட்டிக்கோ நேரே போங்கள். பட்டறையில் அப்போதுதான் வேலை மும்முரமாக நடக்கும், பேசவும் ஆள் இருக்கும். பெயரைக் கேளுங்கள். பீங்கான் பொம்மையாக இருந்தால் அடியில் கிளேஸ் படாத சொரசொரப்பான வளையத்தில் பென்சிலால் எழுதுங்கள். வழவழப்பான இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் ஒரே துடைப்பில் போய்விடும்.