அடுத்த வீட்டு மூப்பர்கள்

நல்ல அயல் அமைவது புண்ணியம் என்று எம் ஊரிற் பெரியோர் சொல்வதுண்டு. வேலியும் படலையுமாக வாழ்ந்த காலத்தில் அவ்வுரையின் பொருளை நாம் சிந்தித்ததில்லை. ஒரு சுவருக்கு இப்பால் நாமும் அப்பால் யாரோவுமாக, மாடிக்கட்டடத்தில் வாழத் தொடங்கிய பின்னரே அது எமக்கு விளங்கிற்று.

2022ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்து மழை மாலையொன்றில், கனடா நாட்டு ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியிலே, எமக்கு அடுத்த வீட்டுக்கு இரண்டு வெள்ளைக்கார இளைஞர் குடிவந்தனர். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, துடைத்து மினுக்கிய சப்பாத்து, கைக்கொரு பயணப்பெட்டி. அவ்வளவே அவர்களின் உடைமை. மின்தூக்கி அன்று பழுதாகிக் கிடந்தமையால் ஆறாம் மாடி வரை பெட்டிகளைச் சுமக்க நாமும் ஒரு கை கொடுத்தோம். அப்போதுதான் இருவர் மார்பிலும் இருந்த கறுப்புத் தகட்டைக் கண்டோம். அதில் இயேசு கிறிஸ்துவின் பெயரும், அவர்தம் குடும்பப் பெயரும், அதன் முன்னே ‘எல்டர்’ என்னும் பட்டமும் பொறிக்கப்பட்டிருந்தன. அச்சொல்லுக்கு மூப்பர் என்பது பொருள் என எமது அன்னையாருக்கு விளக்கினோம். எண்பதைக் கடந்த அவர் அவ்விருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“மூப்பரோ? மீசை கூட இன்னும் வடிவாய் முளைக்கேல்லை. பாவம், ஆரோ பெத்த பிள்ளையள்” என்றார்.

அவர்கள் மோர்மன் சபையின் ஊழியர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே அதன் முழுப்பெயர். அப்பெயராலேயே தம்மை அழைக்க வேண்டுமென்று 2018ஆம் ஆண்டில் அதன் தலைவர் வற்புறுத்தினார் எனினும், ஊரார் வாயில் மோர்மன் என்பதே நிலைத்துவிட்டது. 1830ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தோற்றுவித்த சபை அது. அயலாரின் பகையால் ஊர் ஊராகப் பெயர்ந்து, 1847இல் பிரிகாம் யங் என்பவரின் தலைமையிற் பாலைநிலத்து உப்பேரிக் கரைக்குச் சென்று குடியேறியவர் அச்சபையினர். இடம்பெயர்ந்தோர் கதை எமக்குப் புதிதன்று. ஆகவே அதைக் கேட்டபோது எமக்கு ஒருவித உறவு தோன்றியது.

அச்சபையில் ஆண்பிள்ளைகள் பதினெட்டு வயதிலேயே இவ்வூழியத்துக்குப் புறப்படலாம். 2012 வரை அவ்வயது பத்தொன்பதாக இருந்தது. ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம். எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்கு என்பது அவர் விருப்பமன்று. சபை அனுப்பும் இடத்துக்குச் செல்லவேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது. மாறாக, 2020 ஆடி முதல் மாதம் ஐந்நூறு அமெரிக்க டொலர் வீதம் அவர்களோ அவர்தம் குடும்பத்தாரோ கட்டவேண்டும் என்பது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வகுத்த ஏற்பாடு. எமது அயலவருள் மூத்தவர் யூட்டா மாநிலத்தவர். ஊழியம் முடியச் சில மாதங்களே இருந்தவர். இளையவரோ உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோ மாநிலத்துக் கமக்காரர் ஒருவரின் மகன். பயிற்சி நிலையத்திலிருந்து நேரே வந்தவர். பனி அவருக்குப் பழக்கம். நகரமும் மாடிவீடும் புதிது. மூத்தவரைப் ‘பெரிய தம்பி’ என்றும் இளையவரைச் ‘சின்னத் தம்பி’ என்றும் அன்னையார் அழைக்கலாயினர்.

மறுநாளே அவர்களை வீட்டுக்கு அழைத்து, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் கொடுத்தோம். இருவரும் எழுந்து நின்று, நன்றி சொல்லி, வேண்டாம் என்றனர். தேயிலை, கோப்பி, மது, புகையிலை ஆகியவை அவர்களுக்கு விலக்கு. 1833ஆம் ஆண்டு முதல் வழங்கும் உணவு நெறி அது. இதனை நாம் எடுத்துரைத்தும் அன்னையார் முகம் வாடியே இருந்தது. வந்தவர் தேநீரை மறுப்பது வீட்டையே மறுப்பது போன்றதன்றோ? சிறிது நேரம் பேசாதிருந்தவர், பின்னர் “பால் குடிப்பினமோ எண்டு கேள்” என்றார். குடித்தனர். இரண்டாம் முறையும் கேட்டுக் குடித்தனர். அன்றே சமாதானம் ஏற்பட்டது.

இன்னொரு வழக்கம் அவரை முதலில் வருத்திப் பின்னர் மகிழ்வித்தது. எமது இல்லாளும் நாமும் வேலைக்குச் சென்ற பகற்பொழுதில், எதையேனும் திருப்பிக் கொடுக்க வந்தால், அவர்கள் வாசற்படியைத் தாண்டமாட்டார்கள். வீட்டில் வளர்ந்த ஆண் ஒருவரும் இல்லாதபோது, பெண் தனித்திருக்கும் வீட்டினுள் நுழையலாகாது என்பது அவர்தம் கட்டளை. “எண்பது வயசுக் கிழவிக்கும் இந்த மரியாதையோ!” என்று சிரித்த அன்னையார், அன்று முதல் அவர்கள் வளர்ப்பைப் புகழத் தொடங்கினார்.

மெல்லிய சுவராதலால் அவர்களின் நாள்முறை எமக்குக் கேட்டே மனப்பாடமாயிற்று. காலை ஆறரைக்கு மணி அடிக்கும். பின்னர் தேகப்பயிற்சி; தளம் அதிரும். அதன்பின் சமய நூல் படிப்பு, குரல் தாழ்ந்திருக்கும். முற்பகலில் வெளியே செல்பவர்கள் இரவு ஒன்பது மணியளவில் திரும்புவர். பத்தரைக்கு விளக்கு அணையும். ஒருவரை ஒருவர் கண்ணும் காதும் எட்டாத் தூரத்துக்கு விட்டுச் செல்வதில்லை. குப்பை கொட்டப் போவதாயினும் இருவராகவே போவர். “ஒரு வண்டிலிலை பூட்டின சோடி மாடுகள்” என்பார் அன்னையார். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு வேளை உண்ணாதிருந்து, அவ்வுணவின் பெறுமதியை ஏழைகளுக்கென வழங்குவர் என்று அறிந்தபோது, வெள்ளிக்கிழமை தவறாது விரதம் காக்கும் அவருக்கு அவர்கள் மேலும் நெருங்கியவராயினர்.

திங்கட்கிழமை அவர்களின் ஆயத்த நாள். துணி தோய்ப்பதும், கடைக்குப் போவதும், தலைமயிர் வெட்டுவதும், தாய் தந்தையருடன் பேசுவதும் அன்றுதான். முன்னாளில் ஆண்டுக்கு இருமுறை, நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் மாத்திரமே வீட்டுடன் தொலைபேசியிற் பேசலாம். 2019 மாசி முதல் வாரந்தோறும் பேச அனுமதி கிடைத்தது. அத்தகைய திங்களொன்றில் அவர்கள் வீட்டிலிருந்து கருகிய வாடை எழுந்து, அபாயமணியும் அலறிற்று. சின்னத் தம்பி சோறு ஆக்கியிருந்தார். அன்னையார் எம்மையும் கூட்டிச் சென்று, அரிசிக்கு மேலே விரலின் முதற்கணு அளவுக்குத் தண்ணீர் நிற்கவேண்டும் என்று தம் விரலை வைத்தே காட்டினார். அடிப்பற்றிய அவர்கள் சட்டியைக் கண்டு இரங்கி, தமது சோற்றுப்பானையொன்றை இரவலாகவும் கொடுத்தார். “பானையைத் திருப்பித் தரேக்கை வெறுமனே தரக்கூடாது, அது எங்கடை வழக்கம்” என்று வேடிக்கையாகச் சொன்னதை நாம் மொழிபெயர்த்தோம்.

மார்கழியிலும் தையிலும் அவர்கள் பட்ட பாடு பெரிது. பனியில் நடந்து, கதவு கதவாகத் தட்டி, ஆளுக்கு ஆள் முகமலர்ச்சியுடன் பேச்சைத் தொடங்கி, பெரும்பாலும் மூடிய கதவின் முன்னே நின்று திரும்புவர். ஒருநாள் பேருந்துத் தரிப்பிடத்திற் சின்னத் தம்பியிடம், “இன்று எத்தனை வீடு?” என்றோம். “எண்ணுவதை விட்டுவிட்டேன், ஐயா” என்றார். எமக்கு 1987ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. பத்தொன்பது வயதில் இதே நகரில், இதே குளிரில், வேலை கேட்டுத் தொழிற்சாலைக் கதவுகளைத் தட்டியவர் நாம். மறுத்தவர்கள் பலர். அவர்களுள் முகத்தைப் பார்த்து மறுத்த சிலரை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

இவ்வளவு பரிவு இருந்தும் எம் உள்ளத்தில் ஓர் அச்சம் முளைத்தது. பதினாறு வயதான எமது மகன் அவர்களோடு கூடைப்பந்து விளையாடச் சென்றான். பின்னர் அவர்கள் கொடுத்த மோர்மன் நூலைத் தன் மேசையில் வைத்திருந்தான். நாம் சைவக் குடும்பத்தவர். பிள்ளை கைநழுவிவிடுவானோ என்று இரண்டு இரவு உறக்கமின்றிக் கிடந்தோம். ‘இனி எம் வீட்டுக்கு வரவேண்டாம்’ என்று சொல்லிவிடுவதெனத் தீர்மானித்தோம். சொல்லவேண்டிய வார்த்தைகளையும் அடுக்கி வைத்துக்கொண்டோம்.

அதைச் சொல்ல எண்ணிய திங்களன்று மாலை, சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்டது. சின்னத் தம்பியை வளர்த்த பாட்டியார் இறந்துவிட்டார். ஊழியத்தை இடையில் விட்டுச் செல்லாமல், பணியிலேயே நிற்பதென்று அவர் முடிவுசெய்துவிட்டார்; இறுதிச் சடங்கை இணையவழியே பார்ப்பாராம். இதனைப் பெரிய தம்பி வாசலில் நின்று சொன்னார்.

அன்னையார் எம்மை நிமிர்ந்து பார்த்தார். 1991ஆம் ஆண்டில் எமது தந்தையார் ஊரிற் காலமானபோது, போர் பாதையை மறித்திருந்தது. மூத்த மகனாகிய நாம் கொள்ளிவைக்கப் போகவில்லை. அதைப் பற்றி அன்னையார் அதுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

“உன்னை நினைச்சு அண்டைக்கு நான் அழுதது உனக்குத் தெரியாது. ஆரும் உனக்கு ஒரு பிடி சோறு தந்திருப்பினமோ எண்டுதான் அழுதனான். செத்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது. சோறும் பருப்பும் போட்டு வைச்சிருக்கிறன், கொண்டுபோ” என்றார்.

கொண்டுபோனோம். அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பிள்ளை கையால் உண்ணத் தெரியாது, கரண்டியைப் பிடித்தபடி அழுதார். நாமும் அருகில் இருந்தோம். எமது மகனும் வந்து இருந்தான்.

வீடு திரும்பிய பின்னர், எமது அச்சத்தை மகனிடம் ஒளியாது சொன்னோம். அவன் கோபிக்கவில்லை. “அப்பா, அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணிநேரம் பதில் சொல்கிறார்கள். நம்முடைய சமயத்தைப் பற்றி நான் கேட்டால், ‘பெரியவர்கள் செய்தது, நீயும் செய்’ என்கிறீர்கள். நான் யாரிடம் கேட்பது?” என்றான்.

எமக்கு விடை இருக்கவில்லை. தேவாரத்தை அவனுக்கு மனனம் செய்வித்தோமேயன்றி, அதன் பொருளை ஒருநாளும் உடனிருந்து சொன்னோமில்லை. பிறர் வந்து கதவைத் தட்டுவது குற்றமோ, எம் வீட்டு விளக்கை நாம் ஏற்றாதிருந்தது குற்றமோ? 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தமிழ் கற்று, பள்ளிக்கூடங்கள் அமைத்தபோது, எம் முன்னோரும் இதே கலக்கத்தை அடைந்திருப்பர். மெதடிஸ்த மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழாக்கத்திலே துணைநின்ற ஆறுமுக நாவலர், தம் சமயத்தை விடவுமில்லை. அவர்கள் கையாண்ட முறையை வெறுத்தொதுக்கவுமில்லை. மேடையேறிப் பிரசங்கம் செய்தார்; 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; பிள்ளைகளுக்கு வினாவும் விடையுமாக நூல் எழுதினார். அந்தச் சைவ வினாவிடையைத் தேடியெடுத்து, மகனும் நாமும் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் இருந்து படிக்கலானோம். அவன் கேட்கும் வினாக்கள் பலவற்றுக்கு நாம் பெரியவர்களிடம் கேட்டறிந்து வந்தே விடை கூறவேண்டியிருந்தது; இன்றும் அப்படியே.

அடுத்த சந்திப்பில், “நாம் சைவர், சைவராகவே இருப்போம். ஆயினும் எம் வீட்டில் உங்களுக்குப் பால் எப்போதும் உண்டு” என்று சின்னத் தம்பியிடம் முகத்தைப் பார்த்துச் சொன்னோம். அவர் சிறிது நேரம் தகட்டைத் தடவிக்கொண்டிருந்து, “கதவை மூடாமல் மறுத்ததற்கு நன்றி, ஐயா” என்றார்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு இடமாற்றம் வருவதுண்டு. மூன்று ஆறுவாரம் எமக்கருகே இருந்த சின்னத் தம்பிக்கு, 2023 மாசியில் வேறொரு நகரத்துக்கு மாற்றம் வந்தது. சில நாள் அவகாசமே. அதே பெட்டிகள், அதே சப்பாத்து; ஆனால் வந்த அன்றிருந்த மிரட்சி கண்ணில் இல்லை. புறப்படுமுன் சோற்றுப்பானையைக் கொண்டுவந்து அன்னையார் கையிற் கொடுத்தார். பானை கனத்தது. மூடியைத் திறந்தோம். உள்ளே, கழுவித் துடைத்த உருளைக்கிழங்கு நிறைந்திருந்தது.

“அம்மா, வெறுமனே தரக்கூடாது” என்றார், கற்றுக்கொண்ட தமிழில்.

அன்னையார் அவர் தலையில் கைவைத்தார். அன்றிரவு எம் வீட்டிற் கிழங்குக் கறி. சுவருக்கு அப்பால் புதிதாக வந்த இன்னொரு மூப்பர் பெட்டி இழுக்கும் ஓசை கேட்டது. “அந்தப் பிள்ளைக்கும் பால் காய்ச்சவேணும்” என்று சொல்லிக்கொண்டே அன்னையார் எழுந்து அடுக்களைக்குப் போனார்.