தடிமனும் பல்லுக்கொதியும்

தடிமனை ஒரு நோயென்று எம்மவர் மதிப்பதில்லை. மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்து, இரவில் வேது பிடித்துப் படுத்தால் அது தானே போய்விடும் என்பது வீட்டுப் பெரியோரின் தீர்ப்பு. பெரும்பாலும் அது சரியான தீர்ப்பே. ஆயின், தடிமனோடு மேல்வாய்ப் பற்களும் கொதிக்கத் தொடங்கினால் மனம் கலங்குகின்றது. மூக்கில் வந்த நோய்க்குப் பல் ஏன் நோக வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மழைக்காலத்தில், எமக்கும் இந்த அநுபவம் வாய்த்தது. தடிமன் பிடித்து நான்காம் நாள். பரீட்சை விடைத்தாள்கள் மேசையிற் குவிந்து கிடந்தன. தலையைக் குனிந்து திருத்தத் தொடங்கியதும் வலப்பக்கத்து மேற் கடைவாய்ப் பற்கள் மூன்றும் ஒருங்கே கொதித்தன. நிமிர்ந்தாற் சற்றுத் தணிந்தது. படியிறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பல்லிலே ஓர் அதிர்வு. கராம்பெண்ணெயைப் பஞ்சில் தோய்த்து வைத்தும் பயனில்லை. மாணவர் எழுதிய விடைகளே இக்கொதிக்குக் காரணமென்று வீட்டிலுள்ளோர் நகையாடினர்.

பல் வைத்தியர் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்; குளிர்ச்சி பட வைத்தும் பார்த்தார். எந்த ஒரு பல்லும் மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாக நோகவில்லை. "மாஸ்ரர், பல்லிலே பிழையில்லை. மூக்கடைப்புத் தீர இதுவும் தீரும். போய் வாருங்கள்" என்று ஒரு சதமும் வாங்காது அனுப்பிவிட்டார்.

காரணம் முகத்தின் அமைப்பில் இருக்கின்றது. மூக்கின் இருபுறமும், கண்ணுக்குக் கீழே, மேற்றாடை எலும்பினுள் ஒவ்வொரு காற்றறை உண்டு. சைனஸ் என்று சொல்லப்படும் அறைகளுள் இவையே பெரியன. வளர்ந்தவர்களுக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 மில்லிலீற்றர், அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு, கொள்ளும். இவ்வறையின் தரைக்கு நேர் கீழே மேற் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நிற்கின்றன. சிலருக்கு இடையிலுள்ள எலும்பு கடதாசி போல மெல்லியது; வேறு சிலருக்கோ எலும்பே இன்றி ஒரு மென்சவ்வு மாத்திரமே உண்டு.

அறையின் வாயில் அமைந்திருக்கும் இடந்தான் வியப்புக்குரியது. அது தரையோடு இல்லை. மேலே, கூரைக்கு அண்மையில் இருக்கின்றது. தொட்டியொன்றைக் கட்டி, நீர் வெளியேறும் துவாரத்தை அதன் விளிம்பருகே வைத்த மேசனை நாம் சும்மா விடுவோமா? நல்ல வேளையாக, உட்சவ்விலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சளியை இடைவிடாது மேல்நோக்கித் தள்ளி அவ்வாயிலாற் போக்குகின்றன. தடிமன் வந்து சவ்வு வீங்கியதும் வாயில் அடைபடுகின்றது, மயிர்களும் சோர்கின்றன. சளி தேங்கி அழுத்தம் ஏற, குனியுந்தோறும் நோவு கூடுகின்றது.

மேற்பற்களுக்குச் செல்லும் நரம்புகள் இவ்வறையின் சுவரினூடாகவே செல்கின்றன. பற்களுக்கும் அறையின் சவ்வுக்கும் உணர்ச்சி தருவது மூளையின் ஐந்தாம் நரம்பின் ஒரே கிளை. ஒரே ஒழுங்கைக்குள் நெருங்கிப் பல வீடுகள் இருக்க, அவற்றுள் ஒன்றிலிருந்து கூக்குரல் எழுந்தால், தெருமுனையில் நிற்பவர் எந்த வீடென்று எப்படி அறிவார்? மூளையின் நிலையும் அதுவே. கீழ்ப்பற்களின் நரம்பு வேறு கிளையைச் சேர்ந்தது; ஆதலால் அவை இந்த ஆரவாரத்திற் சேர்வதில்லை.

இவ்வறையை விரிவாக எழுதி வைத்தவர் நதானியேல் ஹைமோர் என்னும் ஆங்கில வைத்தியர். 1651ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலிலே ஒரு பெண்மணியின் கதை வருகின்றது. மேல் வேட்டைப் பல்லைப் பிடுங்கிய குழியிலிருந்து அவருக்கு ஓயாது நீர் வடிந்தது. அவர் ஒரு வெள்ளி ஊசியை உள்ளே விட்டுப் பார்த்தார். அது கண்ணளவும் சென்றது. பின்னர் இறகொன்றை விட்டார். அது இன்னும் நீளமாய்ச் சென்றது. மூளைக்கே போய்விட்டதென்று நடுங்கி ஹைமோரிடம் வந்தார். இறகு அறையினுள்ளே சுருண்டதேயன்றி மூளையை அணுகவில்லை என்று அவர் விளக்கினார்.

எமது பெரிய தாயாருக்கு அவ்வாறு விளக்குவார் ஒருவருமில்லை. இளமையில் இத்தகைய நோவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பற்களை இழந்தவர் அவர். பிடுங்கிய பற்களைக் கையில் வைத்துப் பார்த்தாராம்; ஒரு சூத்தையும் இல்லை. நோவோ மேலும் ஆறு நாள் இருந்து, தடிமனோடு போயிற்று. அதன்பின் ஆயுள் முழுதும் முறுக்கை இடப்பக்கத்தாலேயே கடித்தார்.

பல நாட் தடிமனிடையே, மேல்வாயின் பின்பற்கள் பல ஒன்றாக நொந்து, குனிந்தால் நோவு ஏறி, கன்னமும் கனக்குமாயின், பெரும்பாலும் குற்றம் பல்லினுடையதன்று. ஒரே பல் சூட்டுக்கும் குளிருக்கும் சுரீரெனக் குத்துமாயின், அல்லது அந்த ஒன்றினாற் கடிக்க முடியாதிருந்தால், பல்லையே ஐயுற வேண்டும்.

இத்தகைய பீனிசம் பெரும்பாலும் வைரசினால் வருவது. ஏழு முதல் பத்து நாளில் தணிந்துவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் வைரசை ஒன்றுஞ் செய்யா. வேது பிடிப்பது பெரியவர்களுக்குச் சிறிது ஆறுதல் தரலாம். சிறுவரைக் கொதிநீர்ப் பானைக்கருகில் இருத்துவதை நாம் விரும்பவில்லை, பானை சரிந்தால் வரும் கேடு தடிமனிலும் பெரிது. பத்து நாள் கடந்தும் தணியாவிட்டாலும், தணிந்தபின் மீண்டும் மோசமானாலும் வைத்தியரை நாடுக. கண்ணைச் சுற்றி வீக்கமோ கடுங்காய்ச்சலோ கண்டால் ஒரு நாளேனும் தாமதித்தலாகாது.

இன்னொன்று. பல்லுக்கும் அறைக்குமிடையேயுள்ள வழி ஒருவழிப் பாதையன்று. மேற் கடைவாய்ப் பல்லின் வேரிலே சீழ் பிடித்தால், அது மேலேறி அறையிற் பீனிசத்தை உண்டாக்குவதுண்டு. மூக்கின் ஒரு பக்கத்தால் மட்டும் துர்நாற்றமுள்ள சளி வாரக்கணக்கில் வடியுமாயின், மூக்கு வைத்தியரிடஞ் சென்றவர் பல் வைத்தியரிடமும் வாயைத் திறந்து காட்டுதல் வேண்டும். அந்தப் பல்லைக் கவனிக்கும்வரை மூக்குக்கு எத்தனை மருந்திட்டாலும் அது முற்றாய்த் தீராது.