காலிப் படுக்கைக்கும் கட்டணம்!

கப்பலில் ஒரு தடவையாவது போய் வர வேண்டும் என்பது என்னுடைய நெடுநாளைய ஆசை. அவர் இருந்த வரைக்கும், "ரிட்டயர் ஆனதும் போகலாமே" என்பார். ரிட்டயர் ஆனார். ஆனால் கப்பலுக்கு முந்திக்கொண்டு ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

அதற்கு நாலு வருஷம் கழித்து, சிங்கப்பூரில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். "நீ மட்டும் போயிட்டு வாயேம்மா. எனக்கு லீவு இல்லே, குழந்தைக்கு ஸ்கூல். உனக்கென்ன, கப்பல்லே வழி தப்பிப் போயிடுவியா?" என்று கிளப்பிவிட்டாள். பினாங்கு, பூக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரிப் பயணம். விளம்பரத்தில் 'நபருக்கு 500 வெள்ளி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. (அங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். விலைகளைக் கணக்குக்கு எளிதாக முழு எண்ணாகவே சொல்கிறேன்.) பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் தேடினால், 'இருவர் ஒரே அறையில் தங்கினால்' என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது!

ஓட்டலில் அறைக்கு இவ்வளவு என்று வாடகை. கப்பலிலோ தலைக்கு இவ்வளவு, அதுவும் அறைக்கு இரண்டு தலை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஒரு தலை குறைந்தால் அந்த நஷ்டத்தை இருக்கிற தலையிடம் வசூல் பண்ணிவிடுவார்கள். இதற்கு 'சிங்கிள் சப்ளிமெண்ட்' என்று பெயர். சில பயணங்களில் கட்டணத்தில் கால் பங்கு, அரைப் பங்கு கூட்டுவார்கள். பல பயணங்களில் முழுசாக இன்னொரு டிக்கெட். எனக்கு வாய்த்தது முழுசு.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கப்பல் கட்டும்போதே இத்தனை அறை என்று முடிந்துபோகிறது. கூட்டம் வந்தால் மாடியில் ஒரு ஷெட் போட முடியாது. அதோடு, அந்த இரண்டாவது ஆள் ஏறினால் குளிர்பானம், கடை, கரையில் சுற்றுலா என்று செலவழிப்பார். அதுவும் போச்சு அல்லவா? நியாயம் புரிந்தது. பணம் கொடுக்கத்தான் கை வரவில்லை. கடைசியில் கொடுத்துவிட்டேன்.

ஜன்னல் இல்லாத அறை. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். இரண்டு ஜோடித் தலையணை, இரண்டு துண்டு, இரண்டு லைஃப் ஜாக்கெட். சாயந்திரம் அறையைச் சுத்தம் செய்யும் பையன் துண்டை மடித்து யானை மாதிரி செய்து, காலியாக இருந்த பக்கத்தில் உட்கார்த்தி வைத்துவிட்டுப் போனான். இரவு விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. அந்த யானையையும் அதற்கு நான் கொடுத்த 500 வெள்ளியையும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் இருந்திருந்தால், "ஜன்னல் கூட இல்லே, இதுக்கா இவ்வளவு?" என்று சண்டை பிடித்திருப்பார். சண்டை பிடிக்கவும் ஆள் இல்லாத அறை.

திரும்பி வந்ததும் வழக்கம்போல் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டணம் இரண்டு பங்கு, சரி. துறைமுக வரி 80 வெள்ளி, அதுவும் இரண்டு பங்கு. சிப்பந்திகளுக்கான டிப்ஸ் 90 வெள்ளி, அதுவும் இரண்டு! கப்பலில் ஏறியதே ஒரு ஆள். துறைமுக வரி தலைக்குத்தான். டிப்ஸும் பெரும்பாலான கப்பல்களில் அப்படியே. வராத ஆளுக்கு எந்தத் துறைமுகத்தில் வரி? நான் கட்ட வேண்டியது 1170, வாங்கினது 1340. மாப்பிள்ளை ஏஜெண்டிடம் போனார். "தவறுதலா ஆயிடுச்சு சார்" என்று 170 வெள்ளி திரும்பி வந்தது. மளிகைக் கணக்குப் பார்த்துப் பழகின கண், எங்கேயும் வீண் போகாது!

தனி ஆளுக்கென்றே சின்ன அறை கட்டும் கப்பல்களும் உண்டு. 2010-ல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் 128 அறைகளை ஒற்றை ஆளுக்கென்றே வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு சதுர அடி. 'குவீன் மேரி 2' கப்பலைப் 2016-ல் புதுப்பித்தபோது 15 ஒற்றை அறைகளைச் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் போகிற கப்பலில் பதினைந்து அறை எந்த மூலைக்கு? சீக்கிரமே விற்றுப்போய்விடும்.

மறு வருஷம் போனபோது வேறு வழி பார்த்தேன். என் பெண்ணின் அடுத்த வீட்டுக்காரிக்கு உறவு ஒரு அம்மாள், ஈப்போவில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் துணை இல்லை. அறையைப் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு 670-ஓடு முடிந்தது. ஆனால் முன்பின் தெரியாதவரோடு நாலு ராத்திரி ஒரே அறையில் எப்படி? டெலிபோனிலேயே பெண் பார்க்கிற மாதிரி கேள்வி கேட்டுக்கொண்டோம். ஏ.சி. எவ்வளவு வேண்டும்? விளக்கு எத்தனை மணிக்கு? ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம்? அவருக்கு சர்க்கரை, எனக்குப் பிரஷர். "குறட்டை உண்டா?" என்றேன். "சேச்சே, இல்லக்கா" என்றார். "எனக்கும் கிடையாது" என்றேன்.

முக்கியமான ஒன்றை மாப்பிள்ளைதான் ஞாபகப்படுத்தினார். ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போனால், மற்றவர் தனி ஆளாகிவிடுவார். மிச்சப் பணத்தை அவரிடம் கேட்டாலும் கேட்கலாம். ஆகையால், 'யார் நின்றுவிடுகிறாரோ அவரே அந்த 500-ஐத் தர வேண்டும்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். எழுதும்போது கூச்சமாகத்தான் இருந்தது.

கிளம்ப மூணு நாள் இருக்கும்போது அவரிடமிருந்து போன். "அக்கா, முட்டி வீங்கிப் போச்சு. வர முடியுமான்னு தெரியலையே." உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் மனசில் முதலில் வந்தது அவருடைய முட்டி இல்லை, அந்த 500 வெள்ளி. வெட்கமாகிவிட்டது. "உடம்பைப் பாருங்கோ, பணம் கிடக்கட்டும்" என்று வாய்தான் சொன்னது. மூணாம் நாள் கைத்தடியோடு வந்து நின்றார்.

அறைக்குள் நுழைந்ததும், முன்கூட்டியே சொல்லி வைத்தபடி கட்டில்கள் தனித்தனியாகக் கிடந்தன. சொல்லாவிட்டால் சேர்த்துத்தான் போட்டிருக்கும். அவரவர் செலவு அவரவர் கார்டில் ஏறும்படி செய்துகொண்டோம். பணப்பெட்டி மட்டும் அறைக்கு ஒன்றுதான். நம்பரை இருவருமே தெரிந்து வைத்துக்கொண்டோம். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்திருந்தது நல்லதாயிற்று. பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயந்திரம் ஆகிவிட்டது.

பினாங்கில் இறங்கி, அவர் முட்டிக்கு ஏற்ற நடையில், குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833-ல் ஏற்பட்ட கோயில். திண்ணை மாதிரி ஒரு நிழலில் உட்கார்ந்தபோது, தன் அம்மா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி இதே ஊரில் வந்து இறங்கின கதையைச் சொன்னார். 1926-ல் கட்டி, 1973 வரை நம் கரைக்கும் மலாயாவுக்கும் ஓடின கப்பல் அது. டெக் டிக்கெட். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு டிரங்குப் பெட்டி, கூட ஆண் துணை கிடையாது. பக்கத்தில் பாய் விரித்திருந்த பெண்கள்தான் ஆளுக்குக் கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்களாம். "எங்கம்மாகிட்ட யாரும் ரெண்டு பாய்க்குக் காசு கேக்கலக்கா" என்று சிரித்தார்.

பூக்கெட்டில் இறங்கச் சின்னப் படகில் ஏற வேண்டியிருந்தது. அவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. நானும் போகவில்லை. மேல்தளத்தில் உட்கார்ந்து பூக்கெட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, இஞ்சி டீ குடித்தோம்.

திரும்பி வந்ததும் என் பெண் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆன்ட்டி குறட்டை விட்டாங்களாம்மா?"

"விட்டாடீ, கப்பல் இன்ஜின் தோத்துது" என்றேன்.

அடுத்த வீட்டுக்காரி சாயந்திரம் வந்தாள். ஈப்போவிலிருந்து போன் வந்ததாம். நாலு ராத்திரியும் நான்தான் அவரைத் தூங்கவே விடவில்லையாம். அடுத்த பயணம் எப்போது என்றும் கேட்டாராம்.