பதில் சொன்னது யார்?



நம்மிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பயின்று வருகிறார். சென்ற பெருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், அஸர் தொழுகைக்குப் பின் நம்மைக் காண மதரஸாவுக்கு வந்திருந்தார். விமானங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது சொற்பம். கோபுரத்தில் அமர்ந்திருப்பவர் சொல்லச் சொல்லத்தானே இறக்குவீர்கள் என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

“நான் பழகுகிற இடத்தில் கோபுரமே இல்லை, ஹஜ்ரத். எங்களுக்குள்ளே பேசிக்கொண்டு நாங்களே இறங்க வேண்டியதுதான்.”

நாம் நம்பவில்லை. பின்னர் அவர் விளக்கியதைக் கேட்டும், அவர் காட்டியவற்றைப் படித்தும் அறிந்துகொண்டோம். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 உள்ளன. அவற்றுள் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை சுமார் 500 மட்டுமே. மற்ற இடங்களில் ‘இறங்கலாம்’, ‘பொறுங்கள்’ என்று அனுமதி தர எவரும் இல்லை. அங்குள்ள விமானிகள் அனைவருக்கும் பொதுவாக ஒரு வானொலி அலைவரிசை உண்டு. வருகிறவர் சுமார் பத்து மைல் தொலைவிலேயே தம் வரவை அதில் அறிவிக்கிறார். பின்னர் ஓடுபாதையை ஒட்டிச் செவ்வக வடிவில் ஒரு சுற்று. பொதுவாகத் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில், இடப்பக்கமாகவே திரும்பல்கள். ஒவ்வொரு திரும்பலிலும் தாம் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். புறப்படுகிறவரும் ஓடுபாதைக்குள் நுழையுமுன் சொல்லிவிட்டே நுழைவார்.

இந்த அறிவிப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஊரின் பெயர், அடுத்துத் தம் விமானத்தின் பெயர், இருக்கும் இடம், செய்யப்போவது, இறுதியில் மீண்டும் ஊரின் பெயர். ஊர்ப் பெயரை இருமுறை சொல்வதற்குக் காரணம் உண்டு. அண்டை ஊர்களின் நிலையங்களும் பல சமயம் அதே அலைவரிசையில் பேசுகின்றன. நாற்பது மைலுக்கு அப்பால் ஒருவர் ‘ஓடுபாதையில் நுழைகிறேன்’ என்று சொல்வது இங்கிருப்பவர் காதிலும் விழும். இருவர் ஒரே நேரத்தில் பேசினாலோ இருவர் பேச்சும் கெட்டு, கேட்பவருக்கு ஓர் இரைச்சல்தான் மிஞ்சும்.

இதைக் கேட்டபோது, வகுப்பில் நாம் பலமுறை பாடம் எடுத்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் கதவைத் தட்ட, யார் என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பெயரைச் சொல்லாமல் ‘நான்’ என்று மட்டும் ஜாபிர் (ரலி) அவர்கள் விடையளித்ததை நபியவர்கள் விரும்பவில்லை. அனுமதி கேட்கும் ஒழுக்கம் என்ற தலைப்பில் இதை ஓதிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். ‘நான்’ என்ற ஒற்றைச் சொல்லால் உயிர்கள் போகவும் கூடும் என்று அந்நாள்வரை நாம் எண்ணியதில்லை.

மாணவர் கைப்பேசியில் ஒரு விசாரணை அறிக்கையைத் திறந்தார். பயிற்சியின் தொடக்கத்திலேயே ஆசிரியர் அதைப் படிக்கச் சொன்னாராம்.

1996 நவம்பர் 19, மாலை 5 மணி. இல்லினாய் மாநிலத்தின் குயின்சி நகரில் கோபுரம் இல்லாத விமான நிலையம். அங்கே ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஓடுபாதைகள் உண்டு. ஓடுபாதைக்கு அது நோக்கும் திசையைக் கொண்டே எண் இடுவார்கள்; 130 பாகைத் திசையை நோக்கினால் 13, 40 பாகையை நோக்கினால் 4. யுனைடெட் எக்ஸ்பிரஸ் 5925 என்ற பீச் 1900 வகைச் சிறிய பயணிகள் விமானம், விமானிகள் இருவரும் பயணிகள் பத்துப் பேருமாக 13-ஆம் ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருந்தது. அதை வெட்டிச் செல்லும் 4-ஆம் ஓடுபாதையில் கிங் ஏர் என்ற விமானம் புறப்பட நின்றது, அதில் இருவர். அதன் பின்னால் முறைக்குக் காத்திருந்தது செரோக்கி என்ற இன்னும் சிறிய விமானம்.

கிங் ஏரிலிருந்து ஒரு பெண் குரல், ஓடுபாதைக்குள் செல்லவிருப்பதாக அறிவித்திருந்தது. பீச் விமானத்தின் தலைமை விமானி அதைக் கேட்டார். தரையை நெருங்கும்போது அவர் கேட்க வேண்டியதையே கேட்டார்: 4-ஆம் ஓடுபாதையில் உள்ள விமானம் நிற்கப்போகிறதா, புறப்படப்போகிறதா? கிங் ஏர் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற செரோக்கியின் விமானி, கேள்வி தம்மிடம் கேட்கப்பட்டதாக எண்ணினாரோ, உதவ நினைத்தாரோ, தம் எண்ணைச் சொல்லி, 4-ஆம் ஓடுபாதையில் புறப்படக் காத்திருப்பதாகக் கூறினார். தொடர்ந்து கிங் ஏர் என்ற பெயரும் அவர் பேச்சில் வந்தது. அந்த நொடியில்தான் பீச்சின் விமானி அறையில் உயரத்தை எச்சரிக்கும் இயந்திரக் குரல் ‘இருநூறு’ என்று உரக்கச் சொன்னது. காதில் ஒட்டியவை ‘காத்திருக்கிறேன்’, ‘கிங் ஏர்’ என்ற இரண்டும்தான். தலைமை விமானி நன்றி சொன்னார். முன்பு கேட்டது பெண் குரல். இப்போது கேட்டது ஆண் குரல். அவரும் ஆணை விளிப்பது போல ‘ஐயா’ என்றே விளித்தார். குரல் மாறியிருந்தது அவருக்கு உறைக்கவில்லை.

பீச் தரை தொட்டது. கிங் ஏர் ஓடத் தொடங்கியது. இரண்டும் பாதைகள் சந்திக்கும் இடத்தில் மோதின.

பீச்சில் இருந்த பன்னிரண்டு பேரும் மோதலில் இறக்கவில்லை. ஓடி வந்தவர்களிடம் கதவைத் திறக்கும்படி தலைமை விமானி உள்ளிருந்து கேட்டிருக்கிறார். கதவு திறக்கவில்லை. தீயணைப்பு வண்டி நிலையத்தில் இல்லை. நகரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. புகையும் தீயும் முந்திக்கொண்டன. கிங் ஏரில் இருந்த இருவரோடு சேர்த்துப் பதினான்கு உயிர்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

1997-இல் வெளிவந்த விசாரணை முடிவு, கிங் ஏரில் இருந்தவர்கள் அலைவரிசையைச் சரிவரக் கேட்காததை அல்லது சுற்றிலும் சரிவரப் பார்க்காததை முதன்மைக் காரணமாகச் சொன்னது. செரோக்கி விமானியின் இடைமுறிந்த பதிலைத் துணைக் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பீச்சின் விமானிகளை அந்தக் காரணங்களில் சேர்க்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், பதிலும் வந்தது.

மாணவர் மேலும் சில செய்திகள் சொன்னார். பேசினால் மட்டும் போதாதாம். கோபுரம் இல்லாத பல நிலையங்களில் வானொலியே இல்லாத விமானமும் சட்டப்படி வந்து போகலாம். ஆகவே காதைவிடக் கண்ணுக்கே முதலிடம். 2022 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் நிலையத்தில் மோதிய இரு விமானங்களும் அலைவரிசையில் பேசிக்கொண்டுதான் இருந்தன. ஒன்று முறைப்படி சுற்றி வந்தது; மற்றது நேர்கோட்டில் மிகுந்த வேகத்துடன் வந்தது. மூவர் இறந்தனர். இறங்குகிறவருக்கே புறப்படுகிறவரைவிட முன்னுரிமை என்பதும், இறங்க வரும் இருவரில் தாழ்வாக இருப்பவருக்கே முன்னுரிமை என்பதும் அங்கே சட்டம். ஆனால் அதைச் சாக்காக வைத்து ஒருவர் முன்னால் குறுக்கே நுழையக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறதாம்.

“ஐயம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்றோம்.

“இறங்க மாட்டேன், ஹஜ்ரத். மேலே எழும்பி இன்னொரு சுற்றுப் போய் வருவேன். ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.”

அவர் விடைபெற்றுச் சென்ற பிறகும் நாம் அந்தத் திண்ணையை விட்டு எழவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு மாலை. மதரஸாவில் மின்சாரம் போய்விட்டது. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் வாசலில் நின்றது. பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தந்தையர் சிலரும் இருட்டில் நின்றிருந்தனர். படியில் நின்றபடி, “எல்லாரும் ஏறியாச்சா?” என்று குரல் கொடுத்தோம். “ஏறியாச்சு, ஹஜ்ரத்” என்று பதில் வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு வீடு சென்றோம்.

பதில் சொன்னவர் வேன் ஓட்டுநர் அல்லர். ஒரு சகோதரர் தம் இரு பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிவிட்டு, தம்மிடம்தான் கேட்கிறோம் என்று எண்ணி உண்மையையே சொன்னார். ஓட்டுநரும் அந்தப் பதிலைக் கேட்டு, எண்ணிப் பார்த்தது நாம்தான் என்று நினைத்துப் புறப்பட்டுவிட்டார். ஒளூச் செய்யும் இடத்தில் விட்டு வந்த தொப்பியை எடுக்கத் திரும்பிப் போயிருந்த ஏழு வயதுப் பிள்ளை, பூட்டிய கட்டடத்துக்குள் இருந்தான். இஷாவுக்குச் சற்று முன் அவன் தாயாரிடமிருந்து அழைப்பு வந்தது. ஓடிச் சென்று கதவைத் திறந்தபோது, அழுது ஓய்ந்து, தொப்பியை இரு கைகளாலும் பிடித்தபடி வகுப்பறை வாசலில் அமர்ந்திருந்தான். அல்ஹம்துலில்லாஹ், வேறு தீங்கு எதுவும் நேரவில்லை. அவன் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒரு சொல்லும் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இந்த நான்கு ஆண்டுகளும் நமக்கு நாமே ஒரு சமாதானம் சொல்லி வந்திருக்கிறோம்: கேட்டோம், பதில் வந்தது, நம்மீது குற்றமில்லை. விசாரணை அறிக்கையும் பீச்சின் விமானிகளைக் காரணத்தில் சேர்க்கவில்லை என்று மாணவர் சொன்னபோது, உள்ளம் அதை நமக்கும் சாதகமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தது. ஆனால் அவர்களுக்கு இருந்தவை சில நொடிகள். காதருகே ஓர் இயந்திரக் குரல் வேறு. நமக்கோ அந்த மாலை முழுவதும் இருந்தது. இருபது அடி நடந்து வேனுக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். மழையில் நனைய மனமில்லை. உண்மை அதுதான். அதை இதற்கு முன் எவரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் முதல் வாசலில் பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டோம். இப்போது பதிவேட்டை எடுத்துக்கொண்டு வேன் அருகே போய் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறோம். அந்தந்தப் பிள்ளையே தன் பெயரைச் சொல்லி விடையளிக்க வேண்டும். அடுத்திருப்பவன் அவனுக்காகச் சொன்னால் கணக்கில் சேராது. ஓட்டுநருக்கு இதனால் பத்து நிமிடம் தாமதம் என்று குறை. பிள்ளைகளுக்கோ இது விளையாட்டாகிவிட்டது. கடைசி இருக்கையில் இருப்பவன் வேண்டுமென்றே கத்துகிறான்.

அந்தச் சிறுவன் இப்போது பன்னிரண்டாவது ஜுஸ்உ ஓதுகிறான். அவன் பெயர் மட்டும் வேன் பதிவேட்டில் இல்லை. அவன் தாயார் இன்றும் மஃரிபுக்குப் பின் தாமே வந்து, வாசலில் காத்திருந்து, அவன் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார்.